கையெழுத்துப் போடுமுன் கணக்கைப் படி

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது தமிழ்நாட்டு வழக்கு. அமெரிக்க வருமான வரி இலாகாவுக்கோ அது ஒரு நாள் கணக்கு. டிசம்பர் 31-ந் தேதியன்று ஒருவர் விவாகமானவரா, இல்லையா? அந்த இலாகா கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். அன்று காலையில் தாலி கட்டியிருந்தாலும் போதும். அந்த வருஷம் முழுவதும் அவர் குடும்பஸ்தர் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளும். மனைவி இன்னும் மதுரையில் விசாவுக்காகக் காத்திருக்கிறாளே என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "நான் தனி ஆள்" என்று பாரத்தில் எழுதினால் அது பொய்க் கணக்கு.

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் எத்தனையோ தமிழ் இளைஞர்களுக்கு இந்த விஷயம் கல்யாணமான மறுவருஷம் ஏப்ரல் மாதத்தில்தான் தெரிய வருகிறது. ஏப்ரல் 15 கணக்கு தாக்கல் செய்யும் கெடு. அதற்கு இரண்டு நாள் முன்னால், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, கணவன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டு வந்து சமையலறை மேஜை மீது வைக்கிறான்.

"இந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடு."

"என்னங்க இது?"

"ஒன்றுமில்லை, வரிக் காகிதம். ரெண்டு பேரும் சேர்ந்து போட்டால் பணம் மிச்சம்."

அவளும் போட்டுவிடுகிறாள். புது நாடு, புது வீடு, புதுக் குளிர். எதைக் கேட்பது, எதை விடுவது என்றே தெரியாத காலம். அவள் அந்த நாட்டில் போடும் முதல் பெரிய கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும். அதன் கனம் எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது. பல வீடுகளில் அவனுக்கும் தெரியாது.

கூட்டுக் கணக்கு நல்லதா, கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. படிக்காமல் கையெழுத்துப் போடுவது சரியா என்பதே முதல் கேள்வி.

மிச்சம் எவ்வளவு?

கணவன் சொன்னது பொய் அல்ல. மிச்சம் உண்டு, அதுவும் சிறிய மிச்சம் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 2025-ல் சம்பளம் 80,000 டாலர். வேறு வருமானம் இல்லை. மனைவிக்கு வருமானமே இல்லை. விவாகமானவர் தனிக் கணக்குக் கொடுத்தால் அவருக்குக் கிடைக்கும் பொதுக் கழிவு 15,750 டாலர். பாக்கி 64,250 டாலருக்கு மத்திய சர்க்காரின் வரி ஏறக்குறைய 9,049 டாலர். இருவரும் சேர்ந்து கூட்டுக் கணக்குக் கொடுத்தால் கழிவு இரட்டிப்பாகி 31,500 டாலர் ஆகிறது. வரி விகிதப் படிகளும் அகலமாகின்றன. அப்பொழுது வரி ஏறக்குறைய 5,343 டாலர்தான். வித்தியாசம் 3,706 டாலர். ஊருக்குப் போய்வர இரண்டு பேருக்கு விமான டிக்கெட் வாங்கி, கையிலும் கொஞ்சம் மிஞ்சும்.

இந்தச் சலுகை வந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் இன்றைய வருமான வரிக்கு 1913-ம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தம் அடிப்படை. ஆரம்பத்தில் சம்பாதித்தவர் பேரில்தான் வரி. ஆனால் சில மாநிலங்களில், கல்யாணத்துக்குப் பின் சம்பாதிப்பது எல்லாம் கணவன், மனைவி இருவருக்கும் சரிபாதி என்று சொத்துச் சட்டம் இருந்தது. வாஷிங்டன் மாநிலம் அவற்றில் ஒன்று. அங்கே ஒரு தம்பதியர், வருமானத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக் கணக்குக் கொடுத்தார்கள். அது சரியே என்று 1930-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பிரித்துக் காட்டினால் இருவரும் கீழ்ப்படி விகிதத்தில் வரி கட்டலாம் அல்லவா? மற்ற மாநிலத்துக் கணவன்மார்கள் சும்மா இருப்பார்களா? ஓக்லஹோமா, மிச்சிகன், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்கள் தங்கள் சொத்துச் சட்டத்தையே மாற்றின. வரி மிச்சத்துக்காக மனைவிக்குப் பாதிச் சொத்து! கடைசியில் 1948-ல் அமெரிக்கக் காங்கிரஸ், எந்த மாநிலத்துத் தம்பதிகளானாலும் கூட்டுக் கணக்கில் வருமானத்தைப் பிரித்துக்கொண்டதாகப் பாவிக்கலாம் என்று சட்டம் செய்தது.

இந்தியாவில் இப்படி ஒரு வழி இல்லை. அங்கே கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. ஆகையால் இந்தியாவிலிருந்து போகிற பெண்ணுக்குக் கூட்டுக் கணக்கு என்பதே புதுச் சங்கதி.

எல்லைக்கு வெளியே இருக்கும் மனைவி

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கூட்டுக் கணக்குக் கொடுக்க இருவரும் வரிச் சட்டப்படி உள்நாட்டு வாசிகளாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. யார் உள்நாட்டு வாசி? பச்சை அட்டை பெற்று வந்தவர், வந்து இறங்கிய நாள் முதலே வாசி. மற்றவர்களுக்கு நாள் கணக்கு. அந்த வருஷத்தில் தங்கிய நாட்கள், முந்திய வருஷத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு — இவற்றைக் கூட்டி 183 வந்தால் வாசி.

வைகாசியில் கல்யாணமாகி, எச்-4 என்னும் மனைவி விசாவில் 2025 ஆகஸ்டு 1-ந் தேதி விமானம் விட்டு இறங்கிய பெண்ணுக்கு வருஷக் கடைசியில் 153 நாள்தான் ஆகியிருக்கும். ஆகவே 2025-க்கு அவள் வெளிநாட்டு வாசி. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், வரிச் சட்டத்தின் கண்ணில் அவள் எல்லைக்கு வெளியே நிற்கிறவள்.

இத்தகைய தம்பதிகளுக்கு 1976-ம் வருஷத்துச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவிட்டது. இருவரில் ஒருவர் வருஷக் கடைசியில் பிரஜையாகவோ உள்நாட்டு வாசியாகவோ இருந்தால், மற்றவரையும் வருஷம் முழுவதும் வாசியாகவே பாவிக்கும்படி இருவரும் கேட்டுக்கொள்ளலாம். நடு வருஷத்தில் பச்சை அட்டையுடன் வந்து பாதி வருஷம் வெளியாராகவும் பாதி வருஷம் வாசியாகவும் இருந்தவர்களுக்கும் இதேபோன்ற வழி உண்டு. இருவரும் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பத்தைக் கணக்கோடு இணைக்க வேண்டும். அதுதான் அந்தக் காகிதக் கட்டின் அடியில் இருக்கிற, யாரும் படிக்காத ஒற்றைத் தாள்.

அந்தத் தாள் என்ன சொல்கிறது? "நாங்கள் இருவரும் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அதற்கு இந்த நாட்டில் கணக்குச் சொல்கிறோம்" என்பதே அதன் சாரம். அந்தப் பெண் ஜனவரி முதல் ஜூலை வரை சென்னையில் வாங்கிய சம்பளம், கோயமுத்தூர் பாங்கில் போட்ட டிபாசிட்டின் வட்டி, திருச்சியில் பாட்டி எழுதி வைத்த வீட்டின் வாடகை எல்லாமே அமெரிக்கக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. இந்தியாவில் கட்டிய வரிக்கு அமெரிக்காவில் கழிவு கேட்கலாம். ஆகவே பெரும்பாலும் இரட்டை வரி விழாது. ஆனால் இந்தியாவில் வரியே இல்லாத வருமானத்துக்கு எந்தக் கழிவைக் கேட்பது? அங்கே வரி உண்டு. இந்தியப் பரஸ்பர நிதிகளில் பணம் போட்டிருந்தால் அதற்கென்று தனியான, கடுமையான விதிகளும் பாரங்களும் இருக்கின்றன.

இந்தப் பாவனை ஒரு முறைதான் கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை ஏற்று, பிறகு வேண்டாம் என்று விலக்கிக்கொண்டால், அந்த இருவருமே மறுபடி அதைக் கேட்க முடியாது.

பாங்குக் கணக்கு என்னும் வலை

நாள் கணக்கு நிறைந்தோ, பச்சை அட்டை வந்தோ அந்தப் பெண் உண்மையிலேயே உள்நாட்டு வாசி ஆனதும் இன்னொரு கடமை சேர்கிறது. வெளிநாட்டில் உள்ள பாங்குக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டிவிட்டால், அதைத் தனிப் பாரத்தில் தெரிவிக்க வேண்டும். 1970-ம் வருஷத்துச் சட்டத்தில் முளைத்தது இந்த விதி. கறுப்புப் பணக்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலை. ஆனால் வலைக்குச் சுறா என்றும் கெண்டை என்றும் வித்தியாசம் தெரிவதில்லை.

10,000 டாலர் என்றால் 2025-ன் மாற்று விகிதத்தில் ஏறக்குறைய ஒன்பது லட்ச ரூபாய்தான். பத்து வருஷம் வேலை பார்த்த பெண்ணின் சேமிப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பெண்ணின் பெயரையும் சேர்த்து அப்பா திறந்து வைத்த கணக்கும் இதில் சேரும். "அது அப்பா பணம்" என்று அவள் நினைப்பாள். பாரத்துக்கு அவள் பெயர் இருந்தால் போதும். வேண்டுமென்று மறைக்காமல், தெரியாமல் விட்டுவிட்டால்கூட 10,000 டாலரும் அதற்கு மேலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த அபராதத்தை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் போடலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. கணக்குக்கு ஒன்றாக அல்ல, தாக்கல் செய்யாத வருஷப் பாரத்துக்கு ஒன்றாகத்தான் போடலாம் என்று 2023-ல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. நூலிழையில் வந்த தீர்ப்பு அது.

பாங்கில் தன் பெயரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பாரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். இருவரும் உட்கார்ந்து பேசினால்தான் இரண்டும் ஒன்று சேரும். "ஒரு கையெழுத்துப் போடு" என்ற மூன்றே சொற்களில் இந்தப் பேச்சு முடிந்துவிட்டால், பிழை பிறக்கும் இடம் அதுதான்.

ஒரு கடன், இரண்டு கடனாளிகள்

எல்லாவற்றையும் விடக் கனமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. கூட்டுக் கணக்கில் கையெழுத்திட்ட இருவரும் அந்த வருஷத்து வரி முழுவதற்கும் சேர்ந்தும் தனித்தனியாகவும் ஜவாப்தாரிகள். பாதிக்குப் பாதி அல்ல, ஒவ்வொருவரும் முழுமைக்கும்.

கணவன் ஒரு பகுதி வருமானத்தைக் காட்டாமல் விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத செலவை எழுதினான் என்றாலும் சரி. மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வருகிறது. பாக்கி வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் இலாகா மனைவியிடமே கேட்கலாம். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவளாக இருந்தாலும் கேட்கலாம். இதற்குள் இருவரும் பிரிந்துவிட்டார்கள். "பழைய வரி பாக்கி கணவனைச் சேர்ந்தது" என்று விவாகரத்துக் கோர்ட்டே உத்தரவு போட்டிருக்கிறது. அந்த உத்தரவு வரி இலாகாவைக் கட்டுப்படுத்தாது. அவள் கட்டிவிட்டு, பிறகு அவன் பின்னால் அலைய வேண்டியதுதான்.

ஏமாந்தவர்களுக்கு நிவாரணம் இல்லாமல் இல்லை. 1971-ல் தொடங்கி, 1998-ம் வருஷத்துச் சட்டத்தினால் விரிவாக்கப்பட்ட ஒரு வழி உண்டு. 8857-ம் நம்பர் பாரத்தில் விண்ணப்பித்து, "அந்தப் பிழை எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை" என்று அவள் நிரூபிக்க வேண்டும். மிரட்டி வாங்கிய கையெழுத்து கூட்டுக் கணக்கே ஆகாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற பாரம் யார் தலைமேல்? அந்நிய தேசத்தில், கையில் காகிதம் ஒன்றும் இல்லாதவள் தலைமேல். "படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்பது மட்டும் ஒரு வாதமாக நிற்காது. தீ பிடித்த பிறகு கிணறு தோண்டலாம் என்று சட்டம் அனுமதி கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு விஷயம். தனிக் கணக்குக் கொடுத்தவர்கள் பொதுவாக மூன்று வருஷத்துக்குள் மனம் மாறி அதைக் கூட்டுக் கணக்காகத் திருத்திக்கொள்ளலாம். கூட்டுக் கணக்குக் கொடுத்தவர்களோ, தாக்கல் கெடு முடிந்த பிறகு தனிக் கணக்குக்குத் திரும்ப முடியாது. உள்ளே போக வழி உண்டு; வெளியே வர வழி இல்லை. சந்தேகம் இருக்கிறவர்களுக்கு இதிலேயே ஒரு யோசனை அடங்கியிருக்கிறது. இந்த வருஷம் தனியாகக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் விசாரித்துத் தெளிந்த பிறகு கூட்டாகத் திருத்திக்கொள்ளலாம். பணம் எங்கும் ஓடிவிடாது.

அப்படியானால் தனிக் கணக்கே மேலா?

"இவ்வளவு வம்பு எதற்கு? ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுத்துவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரியான யோசனை அல்ல. 3,706 டாலர் என்பது குடித்தனம் தொடங்கும் தம்பதிகளுக்குப் பெரிய தொகை. அன்றியும், தனிக் கணக்குக் கொடுக்கும் தம்பதிகளுக்குப் பல சலுகைகள் மறுக்கப்படுகின்றன.

குடியேற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1986-ம் வருஷத்துச் சட்டப்படி, கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைவதற்குள் பிரஜையின் மனைவியாகக் குடியேறுகிறவளுக்கு இரண்டு வருஷத்துக்கு நிபந்தனையுடன் கூடிய அட்டைதான் கொடுக்கிறார்கள். அந்த நிபந்தனையை நீக்கும்போது, இது மெய்யான கல்யாணம்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். வாடகைப் பத்திரம், கூட்டு பாங்குக் கணக்கு இவற்றோடு கூட்டு வரிக் கணக்கும் அந்த அத்தாட்சிகளில் ஒன்று. கல்யாணமான பிறகும் "தனி ஆள்" என்று எழுதிக் கொடுத்த பழைய கணக்கு அந்த நேரத்தில் எதிர்ச் சாட்சியாக வந்து நிற்கும்.

ஆகவே நேர்மையான சம்பளக்காரக் குடும்பத்துக்குக் கூட்டுக் கணக்கு பெரும்பாலும் நல்லதுதான். கணவனுக்குப் பழைய வரி பாக்கி இருந்தால், விளங்காத வியாபாரக் கணக்கு இருந்தால், அல்லது மனைவிக்கு ஊரில் பெரிய வருமானம் இருந்தால், இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். பழைய கடன் உள்ளவனோடு கூட்டுக் கணக்குக் கொடுத்தால், திரும்பி வர வேண்டிய பணத்தைச் சர்க்கார் அந்தக் கடனில் கழித்துக்கொள்ளும். முன்பு அவன் வாங்கிய படிப்புக் கடனானாலும், முதல் தாரத்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சமானாலும் இதே கதிதான். தன் பங்கைத் திருப்பிக் கேட்க மனைவிக்குத் தனிப் பாரம் உண்டு. ஆனால் அப்படி ஒரு கடன் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருந்தால் அல்லவா கேட்பாள்?

சர்க்காரும் யோசிக்க வேண்டும்

குற்றம் முழுவதும் வீட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மனைவியைக் கடனுக்குப் பொறுப்பாளி ஆக்கக் கொஞ்சமும் தயங்காத சர்க்கார், அவளுக்கு ஓர் எண் கொடுப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

கணக்குத் தாக்கல் செய்ய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வேண்டும். வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்கும். எச்-4 விசாவில் வந்த மனைவிகளில் வேலை அனுமதி இல்லாதவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்காக 1996-ல் ஏற்படுத்தியது 9-ல் தொடங்கும் வேறோர் ஒன்பது இலக்க வரி எண். அதற்கு டபிள்யூ-7 என்னும் பாரத்தைப் பூர்த்தி செய்து, முதல் வருஷத்து வரிக் கணக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும். கூடவே அசல் பாஸ்போர்ட்டை, அல்லது பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகமே அத்தாட்சி செய்த நகலை வைக்க வேண்டும். ஏப்ரல் நெருங்கும் காலத்தில் பதில் வர ஒன்பது முதல் பதினொரு வாரம் வரை ஆகலாம் என்று இலாகாவே சொல்கிறது. புது நாட்டில் தன்னை இன்னாள் என்று காட்டும் ஒரே தஸ்தாவேஜைத் தபாலில் போட்டுவிட்டு, இரண்டரை மாதம் அவள் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊரில் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் அவள் எப்படிப் புறப்படுவாள்? இலாகாவின் உள்ளூர் அலுவலகத்திலோ, அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டிடமோ பாஸ்போர்ட்டை நேரில் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற வழியும் இருக்கிறது. அறிந்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அறியாதவர்கள் தபாலை நம்புகிறார்கள்.

பச்சை அட்டைக்காகத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறவர்கள் அந்த விண்ணப்பத்திலேயே சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்டுக்கொள்ள முடிகிறது. அதே தூதரகங்கள் எச்-4 மனைவியின் பாஸ்போர்ட்டையும் பரிசோதிக்கின்றன. விரல் ரேகையும் எடுக்கின்றன. கல்யாணப் பத்திரத்தையும் பார்க்கின்றன. அப்படியிருக்க, விசாவோடு ஒரு வரி எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஒரு சர்க்காரின் ஒரு கை பார்த்துத் திருப்பிய பாஸ்போர்ட்டை, இன்னொரு கை மறுபடியும் தபாலில் கேட்பது என்ன நியாயம்?

எண் வேறுபாட்டினால் வந்த அநியாயத்துக்கு 2020-ம் வருஷமே சாட்சி. கொரோனா நோய்க் காலத்தில் ஆளுக்கு 1,200 டாலர் உதவித் தொகை கொடுக்க மார்ச்சு மாதத்தில் சட்டம் செய்தார்கள். கூட்டுக் கணக்குக் கொடுத்தவர்களில் ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டால், ராணுவக் குடும்பங்கள் நீங்கலாக, இருவருக்குமே பணம் கிடையாது என்று அதில் ஒரு ஷரத்து. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பிரஜைகூட, வெளிநாட்டுப் பெண்ணை மணந்து கூட்டாகக் கணக்குக் கொடுத்த ஒரே காரணத்தால் விலக்கப்பட்டார். தனிக் கணக்குக் கொடுத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும்! கூக்குரல் எழுந்த பிறகு, அந்த டிசம்பரில் செய்த சட்டத்தில் பிழையைத் திருத்தி, பிரஜையின் பங்கைப் பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். வரி வாங்கும்போது இருவரும் ஒன்று. உதவி கொடுக்கும்போது ஒருவர் அந்நியர் — இந்த நீதி எந்த நாட்டுக்கும் அழகல்ல.

"புருஷனை நம்பாதவளா?"

இந்த விஷயத்தைக் குடும்பங்களில் பேச்செடுத்தாலே ஓர் ஆட்சேபம் எழும். "கட்டின புருஷனிடம் கணக்குக் கேட்கிறதா? நம்பிக்கை இல்லாத குடித்தனம் என்ன குடித்தனம்?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

நம்பிக்கை வேறு, அறியாமை வேறு. மாமனார் நிலம் வாங்கும்போது பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாரா? வில்லங்கம் பார்க்காமல் பணம் கொடுப்பாரா? அதனால் விற்கிறவரை அவமதித்தார் என்று யாராவது சொல்வது உண்டா? கடிதம் எழுதப் படிக்கத் தெரிந்த, பட்டமும் பெற்ற ஒரு பெண், தன் பெயரில் சர்க்காருக்குக் கொடுக்கும் சத்தியத்தைப் படித்துப் பார்ப்பதில் என்ன குற்றம்? அந்தக் கையெழுத்துக்கு மேலே, "பொய்ச் சத்தியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்டு, இவற்றைப் பரிசோதித்தேன், எனக்குத் தெரிந்தவரை உண்மை" என்ற கருத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கிறது. பரிசோதிக்காமல் கையெழுத்திட்டால் முதல் பொய்யே அவளுடையதாகிவிடுகிறது.

புதிதாக வருகிறவர் கணவராகவும் இருக்கலாம். சம்பாதிக்கும் மனைவியைத் தேடி விமானம் ஏறும் கணவர்கள் இன்று அபூர்வம் அல்ல. அவர்களுக்கும் இதே விதி; இதே எச்சரிக்கை.

கணவனுக்கும் இதில் லாபம் உண்டு. அவளுடைய ஊர்க் கணக்குகளைக் கேட்டறியாமல் அவன் எழுதிக் கொடுக்கும் கூட்டுக் கணக்கு அரைக் கணக்கு. நாளைக்கு அபராதம் வந்தால் அது அவன் தலையிலும்தான் விழும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. ஏப்ரலுக்கு வெகு முன்னதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் உட்கார வேண்டும். அவன் தன் சம்பளச் சீட்டையும், பழைய கடன்களையும் சொல்ல வேண்டும். அவள் தன் பெயர் உள்ள எல்லாக் கணக்குகளையும், அப்பாவோடு சேர்ந்தவற்றையும் விடாமல், எழுதி வைக்க வேண்டும். தனியாகவும் கூட்டாகவும் இரண்டு விதமாகக் கணக்குப் போட வேண்டும். ஆடிட்டரிடம் போனால் இருவரும் சேர்ந்து போக வேண்டும். தாக்கல் செய்த கணக்கின் நகல் ஒன்று அவள் கையிலும் இருக்க வேண்டும்.

முதல் வருஷம் எண் கேட்கும் பாரத்தோடு போகிற கணக்கு காகிதத்தில்தான் போகும். ஆகவே அவள் பேனா பிடித்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வருஷம் முதல் அதுகூட வேண்டாம். கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே ஐந்து இலக்க எண் ஒன்றைத் தட்டினால் அதுவே கையெழுத்து. அவள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவனே தட்டிவிடலாம். கேட்டு வாங்க வேண்டிய சம்மதம், கேளாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய எண்ணாகச் சுருங்கிவிடும். அதனால்தான் முதல் வருஷத்துப் பழக்கம் முக்கியமானது. அந்த வருஷம் படித்துக் கையெழுத்திட்டவள் மறுவருஷமும் கேட்பாள். அந்த வருஷம் படிக்காதவளுக்கு மறுவருஷம் யாரும் காட்டவும் மாட்டார்கள்.

ஆயிரங்காலத்துப் பயிருக்கு அறுவடைக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை ஒருவர் எழுதலாம். இருவரும் படித்திருக்க வேண்டும்.